வந்தியின் பங்கு

ஆவணி மூலத் திருநாள் என்றவுடன் பெரியோர் நினைவுக்கு வருவது மதுரையின் பிட்டுத் திருவிழா. அன்று சொக்கநாதப் பெருமானும் மீனாட்சியம்மையும் வைகைக் கரையை அடுத்த புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவர். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமானும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேர்வர். மூவுலகும் தொழும் பெருமான் மண்வெட்டியும் கூடையும் தாங்கிய கூலியாளாக அன்று காட்சி தருகிறார். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 61-ஆவது படலமாக அமைந்தது இந்த வரலாறு. கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களில் இக்கதை அறியாத பிள்ளை இராது. ஆயினும் அறிந்த கதையிலும் கவனியாது கடந்துவிடும் இடங்கள் உண்டு.

மாணிக்கவாசகரை அரிமர்த்தன பாண்டியன் வருத்தியபோது வைகை பெருகிக் கரையை உடைத்தது. கரையை அடைக்க வேண்டும். அரசன் ஆணைப்படி கரை அளக்கப்பட்டு ஊரார் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. வலிமை உள்ளவர் தாமே மண் சுமந்தனர். வசதி உள்ளவர் கூலியாள் வைத்தனர். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, உற்றார் இல்லை. கூலிக்கு ஆள் தேடினாள், கிடைக்கவில்லை. சொக்கநாதரிடம் முறையிட்டாள். பெருமான் பழந்துணி உடுத்து, தலையில் சும்மாடும் கூடையுமாகத் தெருவில் வந்து, "கூலி கொடுத்து வேலை கொள்வார் உண்டோ?" என்று கேட்டார். கூலியாகத் தன்னிடம் பிட்டுதான் உண்டு என்றாள் அவள். அதுவே போதும் என்றார் அவர்.

ஊரே வைகைக் கரையில்தான் இருந்தது. மண்வெட்டி பிடித்த கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் அந்தக் கிழவியின் பங்கை அடைக்க ஒரு கையும் வரவில்லை. மதுரை மக்கள் கொடியவர்கள் என்று புராணம் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் அளந்துவிட்ட பங்கு ஒன்று இருந்தது. அதை முடிக்கும் கவலை இருந்தது. அரசனின் பிரம்பு குறித்த அச்சம் இருந்தது. தன் பங்கில் குனிந்த தலை அடுத்த பங்கின் பக்கம் நிமிரவில்லை. இறைவன் கூலியாளாக இறங்கி வந்ததற்குக் காரணம் வெள்ளம் மட்டும் அன்று, அயலார் வராததும்தான்.

பங்கும் கூலியும்

இக்கதையில் இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு.

ஒன்று, வந்தி தன் பங்கைத் தள்ளுபடி செய்யுமாறு யாரிடமும் கேட்கவில்லை. "நான் கிழவி, என்னை விட்டுவிடுங்கள்" என்று அவள் அரண்மனை வாயிலில் நிற்கவில்லை. ஊரின் கரையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு, அது அடைபட வேண்டும் என்பதே அவள் கவலை. பெருமானும் அந்தப் பங்கை ரத்துச் செய்யவில்லை. நினைத்த மாத்திரத்தில் வைகையை வற்றச் செய்ய வல்லவர், "வந்தியின் ஆள்" என்று தம்மைப் பதிவு செய்துகொண்டு அவள் பெயரால் கரையில் இறங்கினார்.

மற்றொன்று, அவர் இலவசமாக வேலை செய்யவில்லை. கூலி கேட்டார். அதுவும் அவளால் கொடுக்க முடிந்ததைக் கேட்டார். மக்கள் வழக்கில் இப்பகுதி இன்னும் சுவையாக வழங்கும். உதிர்ந்த பிட்டு மட்டுமே கூலி, உதிராதது விற்பனைக்கு என்று ஒப்பந்தமாம். அன்று அவித்த பிட்டு அத்தனையும் உதிர்ந்ததாம். விற்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று வருந்தாமல், வந்தவன் பசியாறட்டும் என்று அள்ளி அள்ளி இட்டாள் வந்தி. உதவி பெற வேண்டிய நிலையில் இருந்தவள், உணவிடும் தாயாக நிமிர்ந்து நின்றாள். அவள் கையேந்தும் நிலைக்கு இறைவன் அவளை ஒரு கணமும் தாழ்த்தவில்லை.

அதன்பின் நடந்ததை எல்லோரும் அறிவர். கூலியாள் உண்டான், பாடினான், ஆடினான், உறங்கினான்; வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசியர் முதுகிலும், அண்டத்து உயிர்கள் அனைத்தின் முதுகிலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தான் கூலியாள், கரை உயர்ந்தது. வந்தியைச் சிவகணங்கள் விமானத்தில் ஏற்றிச் சென்றன. ஆதரவற்ற ஒரு மூதாட்டியின் ஆள்மேல் விழும் அடி ஊரில் எவர் முதுகையும் விடாது என்பதே அந்தப் பிரம்படியின் பொருள் எனக் கொள்ளலாம்.

கரை காத்த ஊர்கள்

ஊர்க்கரையை ஊரே காப்பது புராணத்தோடு முடிந்த வழக்கம் அன்று. ஏரியின் வண்டல் எடுத்தல், வாய்க்கால் தூர்வாருதல், கரை பலப்படுத்தல் ஆகியவற்றுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று அனுப்பும் முறை தமிழ்நாட்டில் குடிமராமத்து என வழங்கியது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் இருந்ததைக் காட்டுகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றப்பட்டது. ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ உடையும் நிலையில் இருந்தால் அக்கம்பக்கத்து உடலுழைப்பாளரை வேலைக்கு அழைக்க அது அதிகாரம் தந்தது. வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவர்மீது நடவடிக்கைக்கும் வழி செய்தது. அரிமர்த்தன பாண்டியனின் பிரம்பு வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம். பின்னர் மறைந்துபோன குடிமராமத்து என்னும் பெயரைத் தமிழ்நாடு அரசு 2017-இல் மீண்டும் வழக்கில் கொண்டுவந்தது.

அரியலூர் மாவட்டத்து மக்களுக்குக் கரையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்தின் தெற்கெல்லையாக ஓடுவது கொள்ளிடம். காவிரியின் வெள்ளத்தைச் சுமக்கவே பிறந்த ஆறு அது. முக்கொம்பில் பிரிந்து, திருமானூர், திருமழபாடிப் பகுதிகளைத் தழுவி, அணைக்கரை வழியாகக் கடலை நாடுகிறது. 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இதே மாவட்டத்தில் கங்கைகொண்டசோழபுரத்துக்கு அருகே முதலாம் இராசேந்திரன் அமைத்த சோழகங்கம், இன்று பொன்னேரி என்ற பெயரில், ஆயிரம் ஆண்டுகளாகக் கரை தாங்கி நிற்கிறது. எத்தனை தலைமுறைக் கைகள் அந்தக் கரையில் மண் சுமந்திருக்கும்!

ஆனால் முதியவர்களின் வாசலில் வந்து நிற்கும் வெள்ளம் ஆற்று வெள்ளம் மட்டும் அன்று. பெரம்பலூர் வட்டாரத்தில் கரிசல் பூமி உண்டு. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போன மண். அதே மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் பாதத்தைப் பற்றிக்கொண்டு விடாது. செருப்பை உருவிக்கொள்ளும். ஊன்றுகோல் உள்ளே இறங்கும். எடுத்தால் ஒரு பிடி மண்ணோடு வரும். இளைஞர்கள் சிரித்துக்கொண்டே தாண்டும் பத்தடிச் சந்து, மூட்டுவலியுள்ள மூதாட்டிக்குக் கடக்க முடியாத அகழி. அந்தப் பத்தடிக்கு அப்பால்தான் குழாயடி இருக்கிறது. நியாயவிலைக் கடை இருக்கிறது. பிள்ளையார் கோயில் இருக்கிறது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான் என்ற அச்சத்தில், மழைக்காலம் முழுவதும் வாசற்படியைத் தாண்டாதவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும், கடல் கடந்தும் இருக்கிறார்கள். தொலைபேசியில் குரல் வரும். சேற்றில் ஒரு பலகை போட அந்தக் குரலால் ஆகாது.

பனி மூடும் ஊரில்

கடல் கடந்த பிள்ளைகளின் ஊரில் இதே சோதனை வெண்மை நிறத்தில் வருகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைப் பக்தர்கள் நன்கு அறிவர். அதன் புறநகரான பென் ஹில்ஸில் 1976-இல் குடமுழுக்குக் கண்ட வேங்கடேசப் பெருமாள் கோயில், அந்நாட்டில் எழுந்த தொடக்ககால இந்துக் கோயில்களுள் ஒன்று. மகனையோ மகளையோ பார்க்கச் சென்ற பெற்றோர் பலர் அங்கே சேவித்திருப்பர்.

குளிர்காலத்தில் அந்த ஊரில் பனி மழையாகப் பெய்து தரையில் படியும். இரவில் பஞ்சுபோல் விழுவது, மிதிபட்டு உறைந்தால் கண்ணாடிபோல் வழுக்கும். வீட்டின் முன்னுள்ள நடைபாதைப் பனியை அந்தந்த வீட்டார்தாம் அகற்ற வேண்டும் என்பது அங்கே நகர விதி. பனி நின்றபின் குறிப்பிட்ட நேரத்துக்குள் அகற்றவும் வேண்டும். அகற்றாவிட்டால் அபராதம். வைகைக் கரையில் அளந்துவிட்ட பங்கைப் போலவே இதுவும் வீட்டுக்கு வீடு அளந்துவிட்ட பங்கு. எண்பது வயதுக் கிழவர் தனியே வாழும் வீட்டின் முன்பும் அதே பனிதான் விழுகிறது. அதே விதிதான் செல்லும்.

பனியை அள்ளுவது எளிய வேலை அன்று. ஈரம் ஏறிய பனி மண்ணைப் போல் கனக்கும். மண் அள்ளும் சவலைப் போன்ற அகன்ற கருவியால் குனிந்து அள்ளி, தூக்கி, ஓரத்தில் வீச வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். அந்நேரத்தில் திடீரென்று கடும் உழைப்பும் சேர்ந்தால் இதயம் திணறும். ஆகவே இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் பனி அள்ளும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கத்தார் ஆண்டுதோறும் அறிவுறுத்துகின்றனர்.

இதற்கு அந்நகராட்சி ஒரு வழி கண்டது. பனி அள்ள முடியாத முதியவர்களும் உடற்குறை உள்ளவர்களும் பெயர் கொடுக்கலாம். அள்ளிக் கொடுக்க முன்வரும் தொண்டர்களும் பெயர் கொடுக்கலாம். ஒரே பகுதியில் வசிக்கும் இருவரை இணைத்துவிடுவது நகராட்சியின் வேலை. இந்தத் தொண்டர்களுக்குப் 'பனித் தேவதைகள்' என்ற பொருளில் ஸ்னோ ஏஞ்சல்ஸ் என்று பெயர். சிகாகோ நகரிலும் ஸ்னோ கோர் என்ற பெயரில் இத்தகைய தொண்டர் படை உண்டு. பனி பெய்த காலையில் தன் வாசலைத் துப்புரவு செய்தவர், அதே கருவியோடு அடுத்த வாசலுக்கும் நகர்கிறார். அங்கும் விதி தளர்த்தப்படவில்லை. முதியவரின் பங்கு முதியவரின் பங்காகவே நிற்கிறது. அதை நிறைவேற்றும் கை மட்டும் வேறு. பிட்டுக்கு மண் சுமந்த கதையைக் கேள்விப்படாத ஊரில் அக்கதையின் ஒரு பகுதி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடந்துகொண்டிருக்கிறது.

வெள்ளம் தடுத்த தாய்

பெரம்பலூரும் அரியலூரும் முன்னாளில் அடங்கியிருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே வந்தியின் வரலாற்றுக்கு இணையான ஒன்று உண்டு. பேறுகாலத்தில் தனித்திருந்த வணிகர் குலப் பெண் ஒருத்தி தன் தாயின் வரவை எதிர்நோக்கினாள். தாயோ காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிட்டாள். மலைமேல் எழுந்தருளிய பெருமான் அந்தத் தாயின் உருவிலேயே வந்து, பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து பேணினார். உண்மைத் தாய் வந்ததும் மறைந்தார். அதனால் அவர் தாயுமானவர் ஆனார். இன்றும் சுகப்பேற்றுக்கு வேண்டிக்கொள்வோர் அங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கின்றனர்.

வர வேண்டியவர் வர முடியாத வேளையில், வர முடிந்தவர் அவர் இடத்தில் நிற்பதுதான் தாயுமானவரின் அருட்செயல். அமெரிக்காவிலிருக்கும் மகன் வர முடியாதபோது எதிர்வீட்டுப் பிள்ளை மருந்து வாங்கி வருவதும் அந்த அருளின் ஒரு துளிதான்.

நியாயவிலைப் பொருள்களை முதியவர்களின் இல்லத்துக்கே கொண்டு சேர்க்கும் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சூட்டிய பெயரும் தாயுமானவர் திட்டம் என்பதே. தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது உரியதாயிற்று. தாமே கடைக்குச் செல்ல இயலாத அட்டைதாரர், தமக்காகப் பொருள் வாங்க மற்றொருவரை எழுத்து மூலம் நியமித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. வங்கிகளைப் பொறுத்தவரை, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நோயால் நடமாட இயலாதவர்களுக்கும் பணம் பெறுதல், செலுத்துதல் முதலிய அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே அளிக்க முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றை அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்து மின்னணு முறையில் பதிவு செய்து தரும் வசதி உண்டு. துன்பமோ தனிமையோ மிகும்போது முதியோர் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

இந்த வசதிகள் இருப்பதை முதியவர் அறிந்திருக்க வேண்டும். அறியாதவருக்கு அயலார் எடுத்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பதும் ஒரு கூடை மண்தான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பணம் எடுத்து வரச் சொல்லி ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கொடுப்பவர் நம்பிக்கையால் கொடுக்கிறார். பெறுபவரும் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் பின்னாளில் ஒரு கணக்குப் பிசகு நேர்ந்தால், நல்ல உறவு சந்தேகத்தில் கரைந்துவிடும். உண்மையாக உதவ விரும்புபவர் இரகசிய எண்ணைக் கேட்டறியாமல் இருப்பதே இரு தரப்பாருக்கும் காப்பு. வங்கியின் வீட்டுச் சேவைக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது அதைவிடப் பெரிய உதவி.

வாங்கத் தெரிதல்

கொடுப்போருக்குச் சொல்லும் அறிவுரைகள் நூல்களில் நிறைய உண்டு. வாங்குவோருக்குச் சொல்வது குறைவு. முதியோர் பலருக்கு உதவி கேட்பதைவிட வலி பொறுப்பது எளிது. "நேற்றுவரை நாலு பேருக்குப் போட்ட கை, இன்று ஒருவரிடம் நீளலாமா?" என்ற எண்ணம் தொண்டையை அடைக்கிறது. பால் வாங்கக் கிளம்பும் பெண்ணிடம் எனக்கும் ஒரு பாக்கெட் என்று சொல்ல நா எழாமல், கரிசல் சேற்றில் தாமே இறங்குகிறார்கள். விழுந்தபின் அதே பெண்தான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்கிறது. ஒரு பாக்கெட் பாலாக இருந்திருக்க வேண்டிய சுமை, ஒரு மாதச் சுமையாகிவிடுகிறது.

வந்தி கேட்டாள். தெருவில் நின்று கூலியாள் தேடினாள். கிடைக்காதபோது இறைவனிடம் கேட்டாள். இறைவன் கூலியாளாக வந்தபோது, "உன்னால் முடியுமா?" என்று சோதிக்காமல் ஏற்றுக்கொண்டாள். தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள். உதவி பெறுவதில் இழிவு இல்லை என்பதற்கு அவளே சான்று. சிவலோகம் சென்ற அடியவர்களில் ஒரு கிழவி, தன் வேலையைப் பிறர் கையால் முடித்துக்கொண்டே சென்றாள் என்பது முதியோர் மனத்தில் பதிய வேண்டிய செய்தி.

அவள் கொடுத்த பிட்டைப் போன்ற ஒன்று ஒவ்வொரு முதியவரிடமும் உண்டு. கடைக்குப் போய் வந்த பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வாசல் கூட்டிய பெண்ணின் குழந்தையை அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ளலாம். பிரதோஷ நாளில் அவர்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளலாம். ஊறுகாய் போடும் பக்குவத்தை, திருமணத்துக்கு நாள் பார்க்கும் முறையை, மறந்துபோகும் தாலாட்டைக் கற்றுக்கொடுக்கலாம். இவை கடன் தீர்ப்பதற்காக அல்ல. உதிர்ந்த பிட்டைக் கூலியாக ஏற்ற பெருமான், கொடுக்கும் மகிழ்ச்சியை வந்தியிடமிருந்து பறிக்கவில்லை. அந்த மகிழ்ச்சியை முதியோரும் இழக்க வேண்டியதில்லை.

கொடுக்கத் தெரிதல்

கொடுப்போர் கடைப்பிடிக்கத் தக்கனவும் இக்கதையிலேயே உள்ளன. முதலாவது, கேட்கும்வரை காத்திராமல் தெருவில் நிற்பது. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பது நல்ல சொல்தான். ஆனால் பெரும்பாலான முதியோர் சொல்லமாட்டார்கள். "அப்பாயி, கடைக்குப் போறேன், என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று பையோடு வாசலில் நின்று கேட்டால், பதில் வரும். பொதுவான வாக்குறுதியைவிட ஒரு குறிப்பிட்ட கேள்வி எளிதாகக் கதவைத் திறக்கும்.

இரண்டாவது, அவர் பெயரால் செய்வது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும் நாள்கள். மாவிளக்கு அங்கே முக்கியமான பிரார்த்தனை. வருடம் தவறாமல் மாவிளக்குப் போட்ட பெரியவள் இந்த ஆண்டு பேருந்து ஏற முடியாமல் இருக்கிறாள் என்றால், "நாங்கள் போய் உங்களுக்காகவும் கும்பிட்டு வருகிறோம்" என்பது பாதி உதவி. அவள் வீட்டு அரிசியையும் வெல்லத்தையும் அவள் கையாலேயே அளந்து வாங்கிச் சென்று, அவள் பெயர் சொல்லி விளக்கேற்றி, அந்த மாவையும் குங்குமத்தையும் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பதே முழு உதவி. அம்மன் சந்நிதியில் அவளுக்குரிய பங்கு விடுபடாமல் நிறைவேறும்.

மூன்றாவது, ஒழுங்கு. தீபாவளிக்கு ஒரு புடவையும் பொங்கலுக்கு ஒரு கரும்புக்கட்டும் மகிழ்ச்சி தரும். ஆனால் மழை நாளில் வாசல் சேற்றை வழித்துவிட்டு இரண்டு கல்லோ பலகையோ போட்டுவைப்பது, மாலை விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது, காலையில் கதவு திறக்கவில்லையெனில் தட்டிப்பார்ப்பது ஆகியவை உயிர் காக்கும். ஒரு தெருவில் நான்கு வீட்டார் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரமில்லை. குடிமராமத்தின் உள்ளுறை அதுதான். கரை முழுவதையும் ஒருவர் அடைக்க முடியாது. ஒவ்வொருவரும் தம் பங்கை முடித்துவிட்டு ஒரு கூடை கூடுதலாகக் கொட்டினால் போதும்.

நான்காவது, அடக்கம். மண் சுமந்தவர் தாம் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் மறைந்தார். முதியவர் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, அதைப் புகைப்படம் எடுத்துப் பலருக்கும் அனுப்பும் வழக்கம் இக்காலத்தில் பெருகி வருகிறது. படத்தில் கொடுப்பவர் சிரிக்கிறார்; வாங்குபவர் தலை கவிழ்ந்திருக்கிறார். அந்தக் கவிழ்ந்த தலையே அச்செயலின் குறையைச் சொல்லிவிடும்.

நினைக்க மறந்தாயோ

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி, அரியலூர் மாவட்டத்தின் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. நந்தியெம்பெருமான் திருக்கல்யாணத்துக்குப் பங்குனியில் ஊர்கள் கூடும் தலம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவில், பெருமான் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர நினைக்க மறந்துவிட்டாயோ என்று கேட்டதாகப் பெரியபுராணம் கூறும். சுந்தரர் விழித்தெழுந்தார், ஆற்றைக் கடந்து சென்று வணங்கிப் பதிகம் பாடினார்.

பெருமானுக்குச் சுந்தரரின் பாடலால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் அருகில் வந்தும் தம்மை மறந்து கடந்துவிடலாகாது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வெட்கப்படாத பெருமானைக் குலதெய்வமாகக் கொண்டாடும் நாட்டில், முதியவர் ஒருவர் அடுத்த வீட்டாரிடம் "என்னை மறந்துவிட்டாயோ?" என்று கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்? அந்தக் குரல் எழுவதற்கு முன்பே தெருக்கோடி வீட்டை நினைத்துப்பார்ப்பது அயலாருக்கு அழகு.

கோயிலுக்குச் செல்லும் வழியில் மூடிய கதவு ஒன்று இருக்கலாம். உள்ளே இருப்பவர் ஒரு காலத்தில் அதே கோயிலில் தேர்வடம் பிடித்தவர். அன்னதானத்துக்கு அரிசி களைந்தவர். திருப்பணிக்குச் செங்கல் சுமந்தவர். இன்று வாசற்படிக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பத்தடிச் சேறு அவரைச் சந்நிதியிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. சந்நிதிக்குப் போகிறவர் அந்தச் சேற்றில் ஒரு பலகை போட்டுவிட்டுப் போனால், அர்ச்சனைத் தட்டு ஏந்தாமலே அன்றைய முதல் அர்ச்சனை நடந்துவிட்டது. திரும்பும் வழியில் ஒரு சிட்டிகை விபூதியை அவர் நெற்றியில் இட்டுவிட்டால், இருவருமே கோயிலுக்குப் போய்வந்தவர்கள் ஆவர்.